மூன்று முறை மூடிய புகார்

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை பார்க்கிற மக்களே, போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். லினக்ஸ் மெஷினில் ஹெட்ஃபோனைச் செருகினாலும் அது செருகப்பட்டதாகவே மெஷினுக்குத் தெரியவில்லை, சத்தம் ஸ்பீக்கரிலேயே வருகிறது, வருகிற சத்தமும் கரகரவென்று கிழிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தானாக மாறுகிற ஏற்பாட்டை நிறுத்து, ஒலியளவை நூறுக்கு மேல் வைக்காதே, முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகிப் பார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "இவ்வளவுதானா அண்ணாச்சி! நான் அந்த யூசருக்குத்தான் பிராந்து, கிறுக்குன்னு நெனச்சு புகார் டிக்கெட்டை மூடப் பாத்தேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேல் கோபமும் இல்லை. நானும் அப்படி மூடியவன்தான், அதுவும் ஒரு முறை அல்ல.

கட்டளைகளெல்லாம் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன. அதற்கு ஓய்வு பெற்ற கிழவன் தேவையில்லை. நான் சொல்லப் போவது காயத்ரியின் ஹெட்ஃபோன் கதை. இதை என் வீட்டுக்காரியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றுதான் அவள் முதலில் கேட்பாள்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடம் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார் மெயில்களுக்கு இங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிற வேலை. ஹாலில் நாற்பது பேர். எல்லாருக்கும் சின்னச் சின்ன லினக்ஸ் மெஷின்கள். சப்போர்ட்டில் நாங்கள் மூன்று பேர், நான் மூத்தவன். ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் கடைக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்கு வந்த ஒரே ஆள் என்பதால், எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. கோபம் வேறு மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

காயத்ரி ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் சேர்ந்திருந்தாள். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருளை வைத்து வேலை செய்வாள். காதில் அது வாசிக்க வாசிக்க, கை கீபோர்டில் ஓடும். நமக்குத் திரை எப்படியோ அவளுக்கு அந்த ஹெட்ஃபோன் அப்படி. இதை இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்று என் மண்டையில் ஏறவில்லை.

அவள் முதல் புகார் கொடுத்தபோது நான்தான் போனேன்.

"சார், சத்தம் கிழியறது. நடுநடுவுல ஒரேயடியா போயிட்டு திரும்பி வரது" என்றாள்.

நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் மாட்டினேன். ஒரு பாட்டைப் போட்டேன். இடது காதில் வந்தது, வலது காதில் வந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தானேம்மா கேக்கு" என்றேன். திரும்பி வந்து, பரிசோதித்தாயிற்று, கோளாறு இல்லை என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். பாட்டு கேட்டால் ஹெட்ஃபோன் சரி. நம் தொழிலில் அது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்து மறுபடி அதே புகார். இம்முறை அவள், "பாட்டு வேண்டாம் சார், நான் கேக்கறதைக் கேளுங்கோ" என்று வாசிக்கிற மென்பொருளை ஓட விட்டாள். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று ஒரு சத்தம். ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவள் அவ்வளவு வேகத்தில் வைத்துக் கேட்பாள். பழகிய காது. எனக்கு அது தெரியவில்லை. நான் கேட்ட அந்தப் படபடப்புதான் அவள் சொல்கிற கிழிசல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இவ்வளவு ஸ்பீடு வச்சா மனுசனுக்கு எப்படிம்மா வெளங்கும்? கொறச்சு வச்சாலே சரியாயிரும்" என்றேன்.

"அது இல்லை சார். வேகம் எனக்குச் சரியாத்தான் இருக்கு. வேற ஒண்ணாக்கும் நான் சொல்றது."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் நன்மைக்கு என்று நானாகவே வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். அதோடு விட்டேனா? அவள் மறுபடி கூட்டிவிடுவாள் என்று, மெஷினைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குறைந்த வேகத்திலேயே வரும்படியும், அவளால் கூட்ட முடியாதபடியும் பூட்டி வைத்தேன். எங்கள் அறைக்கு வந்து, கோளாறு இல்லை என்று அந்த டிக்கெட்டையும் மூடிவிட்டு, கூட இருந்த பிள்ளைகளிடம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தப் பழமொழியை அன்றைக்குப் பிறகு நான் யாரையும் பற்றிச் சொன்னதில்லை.

மூன்றாவது புகார் வந்தது. வேகத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுங்கள், ஒரு மெயில் படிக்கிற நேரத்தில் முன்பு மூன்று படிப்பேன், சத்தம் போய்ப் போய் வருவதும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாள். நான் எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. பயனாளர் புதிய அமைப்புக்குப் பழக வேண்டும் என்று எழுதி உட்கார்ந்த இடத்திலேயே மூடினேன்.

ஆறு மாதம் முடிகிற சமயம். ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் வந்து உட்கார்ந்த நேரம். காயத்ரியின் இடத்திலிருந்து நாலு மேஜை தள்ளி, ஒருத்தருடைய மேஜைக்கு அடியில் குனிந்து நான் ஒரு வயரை மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஹாலில் ஒரு குரல். மெஷினின் ஆங்கிலக் குரல், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிதானமாக, ஹால் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

அன்புள்ள காயத்ரி, என்று ஆரம்பித்தது. பயிற்சிக் காலத்தில் உங்கள் வேலை எதிர்பார்த்த வேகத்தில் இல்லை. உங்கள் பணியை நிரந்தரமாக்க எங்களால் இயலாது. உங்கள் கருவி மூன்று முறை பரிசோதிக்கப்பட்டது, அதில் கோளாறு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு...

அவ்வளவு நேரம் அது வாசித்தது. ஏன் அவள் உடனே நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். சத்தம் போய்ப் போய் வருவது அவளுக்கு அன்றாடம்; மற்ற நாளில் நொடிநேரம் ஸ்பீக்கருக்குத் தாவித் திரும்பிவிடும், அன்று திரும்பவில்லை. இப்போதும் திரும்பி வரும் என்று காதை மூடிய ஹெட்ஃபோனோடு காத்திருந்திருக்கிறாள். கை மட்டும் துளையைத் தேடி, ஹெட்ஃபோன் பின்னை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். தன்னுடைய கடிதத்தை ஊரே கேட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு விசையைத் தட்டி நிறுத்தினாள்.

ஹாலில் ஒரு பேச்சில்லை. நான் மேஜைக்கு அடியில் இருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவளைப் பார்க்க வேண்டுமே. கோளாறு எதுவும் இல்லை என்பது என் வாக்கியம், மக்களே. நான் டிக்கெட்டில் எழுதியதை அப்படியே எடுத்துக் கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். அவள் வைத்திருந்த பழைய வேகத்திலேயே விட்டிருந்தால் அந்தக் கடிதம் ஸ்பீக்கரில் வந்தாலும் ஒருத்தருக்கும் ஒரு சொல் விளங்கியிருக்காது. நாற்பது பேருக்கும் விளங்கும்படி நிறுத்தி வாசிக்க வைத்தது நான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வருவாளோ மாட்டாளோ என்று காலையிலேயே போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். சரியான நேரத்துக்கு வந்தாள். என் பெயரைச் சொல்லி, "நான் தாணு வந்திருக்கேம்மா. நான் வேகத்தைக் கொறச்சதைப் பழையபடி ஆக்கிட்டேன். நீங்க பாட்டுக்கு வேலை செய்யுங்க. எப்பெல்லாம் சத்தம் போகுதோ அப்ப சொல்லுங்க, எப்பெல்லாம் கிழியுதோ அப்பவும் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள். ஹெட்ஃபோன் பின் செருகியிருந்தால் ஒரு வரி, பிடுங்கினால் ஒரு வரி காட்டும்படி திரையின் ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம்.

"போச்சு" என்றாள். ஜன்னலில் ஒரு வரி விழுந்தது: பின் எடுக்கப்பட்டது. யாரும் எடுக்கவில்லை. "வந்துடுத்து" என்றாள். இன்னொரு வரி. "போச்சு." வரி. அவள் முழங்கால் மேஜைக் காலில் பட்டால் போகிறது, நாற்காலி அசைந்தால் போகிறது. முன்பக்கத் துளையின் உள்ளே இருக்கிற பட்டை தளர்ந்துபோய், பின் இருக்கிறதா இல்லையா என்று மெஷினுக்கே தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இரண்டு மூன்று சொல் காணாமல் போகும். திரும்ப முதலிலிருந்து வாசிக்க வைக்க வேண்டும்.

"கிழியறது" என்றாள். ஒலியளவைப் பார்த்தேன். நூற்றைம்பதில் நின்றது. யார் வைத்தது? நான்தான். பயிற்சி வீடியோவில் சத்தம் பற்றவில்லை என்று யாரோ சொன்னதற்காக, எல்லா மெஷினுக்கும் ஸ்கிரிப்ட் என்கிற ஒரே கட்டளைத் தொகுப்பில் நூற்றைம்பது என்று ஏற்றிவிட்டிருந்தேன். மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு வீடியோ பார்ப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குச் சத்தம். இவளுக்கு எட்டு மணி நேரமும் அதுதான். நூறுக்குக் குறைத்தேன்.

"இப்போ சரியா இருக்கு" என்றாள். பின்பக்கத் துளையில் செருகினேன், தானாக மாறுகிற ஏற்பாட்டை நிறுத்தினேன். மேஜையை நானே காலால் இடித்துப் பார்த்தேன். போகவில்லை. மொத்தம் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டாள்: "மூணு தடவை சொன்னேனே சார். இதைத்தானே சொன்னேன்?"

"ஆமாம்மா. இதைத்தான் சொன்னீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவன், கேட்காமலே அந்த ஜன்னலை மூடிவிட்டு எங்கள் அறைக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மேனேஜர் பினு மலையாளி, நல்ல மனுஷன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணா, ஹெட்செட் கேடாயிப்போச்சுன்னு ஒரு வரி எழுதினா மதி, போதும். அவங்களுக்கும் குறை இல்லை, நமக்கும் குறை இல்லை. ரெண்டு மாசத்துல நீங்க ரிட்டயர் ஆவீங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட் தரலாம்னு மேல பேசி வச்சிருக்கேன். இந்த நேரத்துல எதுக்கு வெறுதே வம்பு?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு வரியை நான் எழுதினேன். ஹெட்செட் பழுது என்று எழுதி, அனுப்பப் போகிற சமயத்தில் காயத்ரியின் ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதில் என் மூன்று குறிப்புகளும் அப்படியே இருந்தன. கோளாறு இல்லை. கோளாறு இல்லை. பயனாளர் பழக வேண்டும். ஹெட்செட் நேற்றுப் பழுதானது என்று நான் எழுதினால், ஆறு மாதமும் ஒரு குறையுமில்லாத மெஷினில் அவள் மெதுவாக வேலை செய்தாள் என்றுதானே ஆகும்? புது ஹெட்செட் வரும், அவளுக்குப் பழைய கடிதமே நிற்கும். என் குறிப்புகள் பொய் என்று நான் சொன்னால் ஒழிய அவளுக்கு விமோசனம் கிடையாது.

எனக்குப் பயமாக இருந்தது. மகளுக்கு அந்த வருஷம் படிப்பு முடியவில்லை. அந்தக் கான்ட்ராக்ட்டை நம்பித்தான் இருந்தேன். கான்டீனுக்குப் போய்ப் பால் சேர்க்காத கட்டன் சாயா ஒன்று குடித்தேன், குடித்ததே தெரியவில்லை. திரும்பி வந்து அந்த வரியை அழித்துவிட்டு முழுதாக எழுதினேன். துளை ஆரம்பத்திலிருந்தே கெட்டிருந்தது. சத்தம் கிழிந்தது நான் ஏற்றிய ஸ்கிரிப்டால். வேகத்தைக் குறைத்துப் பூட்டியது நான், காயத்ரி வேண்டாம் என்று சொன்ன பிறகு. மூன்று புகாரிலும் அவர் சொன்னதே சரி, நான் எழுதியது தவறு. கீழே கையெழுத்துப் போட்டேன்.

பினு வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "அண்ணா, இதைக் குடுத்தா பின்னே அந்தக் கான்ட்ராக்ட்டுக்கு எனக்கு ஒண்ணும் செய்யப் பற்றாது, முடியாது, கேட்டோ" என்றார்.

"தெரியும் சாரே. குடுங்க."

கூட்டத்தில் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். பயிற்சிக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டி, சரியான மெஷினோடு பார்ப்போம் என்றார்கள். எனக்கு அந்த இரண்டு வருஷம் வரவில்லை. அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இரண்டு நாள் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அக்கவுண்ட்ஸ் வைக்கிற ஒரு சிறிய ஆபீஸில் பாதி நேர வேலை பிடித்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் ஒப்படைக்க வேண்டிய பொறுப்புகள் சில மிச்சமிருந்ததால், இடையிடையே கழக்கூட்டத்துக்குப் போய் வந்தேன். அப்படி ஒரு நாள் போயிருந்தபோது பினு வாயெல்லாம் சிரிப்பாக வந்தார். மூன்று மாதம் முடிந்துவிட்டது, ஹாலிலேயே காயத்ரிதான் முதலாவது, இரண்டாவது ஆள் பக்கத்தில்கூட வரவில்லை, இன்று நிரந்தர உத்தரவு கொடுத்தாயிற்று என்றார். என் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று லிஃப்ட் பக்கம் போனேன். பையோடு நின்றிருந்தாள்.

"தாணு வந்திருக்கேம்மா. இப்பத்தான் கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்."

"ரெண்டையும் கேள்விப்பட்டேளா சார்? நான் பேப்பர் போட்டுட்டேன், ராஜினாமா பண்ணிட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா சொல்லுதீங்க? இன்னைக்குத்தானே நிரந்தரமாச்சு?"

"அதுக்குத்தான் இருந்தேன். வேலை தெரியாம போனாள்னு யாரும் சொல்லப்படாது பாருங்கோ."

"பெறகு ஏம்மா போகணும்? எல்லாம் சரியாயிட்டே. ஹால்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லலை. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. நான் ஹால்ல நுழைஞ்சா அவா பேசிண்டிருக்கறதை நிறுத்திடறா. பாவம்னு நிறுத்தறா. மூணு மாசமா தினமும் நிறுத்தறா. அது எனக்குக் கேக்கறது சார்."

லிஃப்ட் வந்தது. ஏறினாள். பஸ் ஸ்டாப் வரை கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் போன மறுவாரம் அந்த மெஷினை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சத்தம் எப்படி இருக்கிறது என்று அவரிடம் ஃபோனில் கேட்டேன். அருமையாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்.